குருவிக்கு எந்த அம்பு? – முனை தேர்வு பற்றி ஒரு பட்டறைப் பாடம்



போன செமஸ்டரில், வொர்க்‌ஷாப் இடைவேளையில் முதலாண்டுத் தம்பிகள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். "அண்ணா, ஏரிக்கரைப் புதர்ல கவுதாரி நிறைய இருக்கு. மூங்கில்ல வில்லு செஞ்சுட்டோம். முனை மட்டும் லேத்துல கடைஞ்சு குடுங்கண்ணா. எந்த முனை போட்டா கரெக்டா விழும்?" என்று கேட்டார்கள்.

"அதெல்லாம் தப்புடா, போங்கடா" என்று ஒரே வரியில் அனுப்பியிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. வேலைக்குத் தகுந்த கருவி எது என்பதைத்தானே மூன்று வருஷமாக நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்? பித்தளைக்கு ஒரு டூல் கோணம், வார்ப்பிரும்புக்கு ஒரு டூல் கோணம் என்று மனப்பாடம் செய்கிற நாம், பறவைக்கு ஒரு முனை, மானுக்கு ஒரு முனை என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதனால் முதலில் பொறியியல், பிறகு சட்டம், பிறகு என் முடிவு என்று வரிசையாக எழுதுகிறேன். முதல் பாதியைப் படித்துவிட்டு யாரும் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். இரண்டாம் பாதிதான் முக்கியம்!

1. கொஞ்சம் வரலாறு

நம் ரயில் பாதையிலேயே இருக்கிற பல்லாவரத்தை நாம் தோல் பதனிடும் ஊர், வெள்ளிக்கிழமைச் சந்தை ஊர் என்றுதான் அறிவோம். ஆனால் 1863 மே 30 அன்று, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நில ஆய்வாளர் அங்கே செம்பூரான் சரளைக் குழியிலிருந்து ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அந்தக் கல்லில்தான். அது கையில் பிடித்து வெட்டும் கருவி. அதிலிருந்து எய்து விடும் முனைக்கு வர மனிதனுக்கு இன்னும் பல லட்சம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

பக்கத்து நாடான இலங்கையில், பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளைப் பற்றிய ஆய்வு 2020-ல் வெளியானது. சுமார் 48,000 ஆண்டுகள் வரை பழமையான அந்த முனைகளில் உள்ள தேய்மானத்தைப் பார்த்து, அவை அம்பு முனைகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். அங்கே வேட்டையாடப்பட்டவை பெரும்பாலும் குரங்கு, அணில் போன்ற சிறு பிராணிகள். ஆக, 'சிறிய இரைக்கு எந்த முனை?' என்பது நம் தம்பிகள் கண்டுபிடித்த கேள்வி அல்ல!

பிறகு இரும்பு வந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருள்களில் வாள், ஈட்டியோடு இரும்பு அம்பு முனைகளும் உண்டு. நம் தமிழிலும் அம்பு, கணை, வாளி, பகழி, பிறைமுக அம்பு என்று எத்தனை பெயர்கள்!

ஆனால் சின்னப் பறவைக்கு நம் முன்னோர் வேறொரு கருவியும் வைத்திருந்தார்கள். அதுதான் உண்டைவில். நாணின் நடுவே சிறு பை போல் வைத்து, அதில் அம்புக்குப் பதில் காய்ந்த மண் உருண்டையை வைத்து எய்வது. வடநாட்டில் இதை குலேல் என்பார்கள். கம்பராமாயணத்தில் சிறுவன் இராமன் கூனியின் முதுகில் மண்ணுருண்டை அடித்தது இந்த வில்லால்தான். ஒரு சின்ன உருண்டை அயோத்தியின் கதையையே திருப்பிவிட்டது பாருங்கள்! இந்த உண்டைவில்லில் ஒரு பெரிய பொறியியல் உண்மை ஒளிந்திருக்கிறது. சிறு பறவைக்குக் கூர் தேவையில்லை, மொட்டைதான் தேவை என்பதே அது. ஏன் என்று பார்ப்போம்.

2. முனை வகைகள்

அ) கூர்முனை: பென்சில் சீவியது போல இருக்கும். இலக்குப் பலகையில் பயிற்சி செய்ய ஏற்றது.

ஆ) அலகு முனை: பிளேடு போல இரண்டு, மூன்று வெட்டும் விளிம்புகள் உள்ளது. மான், பன்றி போன்ற பெரிய விலங்குக்கு வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பயன்படுத்துவது. இது அடித்துக் கொல்வதில்லை. இரத்தக் குழாய்களை அறுத்துக் கொல்கிறது.

இ) மொட்டை முனை: முன்புறம் தட்டையாக இருக்கும். மரம், கொம்பு, ரப்பர், உலோகம் எதிலும் செய்யலாம். குத்தாது, மோதும். ஐரோப்பாவில் பழங்காலத்திலேயே பறவைக்கென்று இப்படிப்பட்ட அம்பு தனியாக இருந்தது.

ஈ) ஸ்பிரிங் முனை: மொட்டை முனையின் ஓரத்தில் நாலு கம்பிக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புல்லில் விழுந்தால் கைகள் மாட்டி அம்பு நின்றுவிடும். அம்பு தொலையாமல் இருக்க இது உதவும்.

3. கூரா, மொட்டையா? கணக்கு பேசட்டும்!

மொத்த எடை 31 கிராம் உள்ள ஓர் அம்பு, சாதாரண மர வில்லிலிருந்து விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைப்போம். அதாவது மணிக்கு 144 கி.மீ.; நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்து வேகம். இயக்க ஆற்றல் = ½ × 0.031 × 40 × 40 = சுமார் 25 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றல் இது. கால் கிலோ எடையுள்ள கவுதாரிக்கு இது மிக அதிகம்.

அப்படியானால் எந்த முனையும் போதுமே என்று தோன்றும். இங்கேதான் விஷயம். ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. வேலை = விசை × தூரம். பறவையின் உடல் 8 செ.மீ. தடிமன் என்றும், கூர்முனைக்கு உடல் தரும் எதிர்ப்பு 50 நியூட்டன் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்தால், உள்ளே செலவாவது 50 × 0.08 = 4 ஜூல்தான். மீதி 21 ஜூலோடு அம்பு பின்பக்கம் வெளியே போய்விடும், அல்லது பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பறவை அம்போடு பறந்து, கண்ணுக்குத் தெரியாத புதரில் போய் விழுந்து, மெல்ல மெல்லச் சாகும்.

மொட்டை முனையின் கதை வேறு. 6 மி.மீ. விட்டமுள்ள கூர் அம்பின் குறுக்குப் பரப்பு 28 சதுர மி.மீ.; 19 மி.மீ. மொட்டை முனையின் பரப்பு 283 சதுர மி.மீ.; பத்து மடங்கு! அதே விசைக்கு அழுத்தம் பத்தில் ஒரு பங்கு. துளைக்க முடியாது, அம்பு அங்கேயே நின்று, ஆற்றல் முழுவதையும் அங்கேயே கொட்டும். அதிர்ச்சியில் உடனே முடிந்துவிடும். அம்பும் தொலையாது.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு வாளி ஈரக் களிமண்ணில் சோதித்துப் பாருங்கள். ஒரே எடையைக் கூர் கம்பியில் பொருத்தி ஒரு தடவை, மொட்டைக் கம்பியில் பொருத்தி ஒரு தடவை, ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். கூர் கம்பி ஆழமாய் ஒரு ஓட்டை போடும். மொட்டைக் கம்பி ஆழம் குறைவாக, அகலமாகக் கிண்ணம் போலப் பள்ளம் பண்ணும். ஆற்றல் ஒன்றேதான், அது பரவும் விதம் வேறு. உண்டைவில் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் விடை தெரிந்திருந்தது.

4. எந்த உலோகம்?

நம்ம ஆள் யாராக இருந்தாலும் முதலில் எம்.எஸ். ராடைத்தான் எடுப்பான். ஸ்டோர்ஸில் அதுதான் கிடைக்கும்! கொஞ்சம் பொறுங்கள். முனையின் அளவை இப்படி வைப்போம்: விட்டம் 19 மி.மீ., நீளம் 12 மி.மீ., பின்புறம் அம்புத் தண்டு நுழைய 8 மி.மீ. விட்டத்தில் 8 மி.மீ. ஆழத் துளை. கன அளவு கணக்கிட்டால் சரியாக 3 கன செ.மீ. வரும்.

எஃகு என்றால் 3 × 7.85 = 23.6 கிராம். 
அலுமினியம் என்றால் 3 × 2.7 = 8.1 கிராம். 
ரப்பர் என்றால் 3 × 1.15 = சுமார் 3.5 கிராம்.

அம்பு முனைகளை உலகமெங்கும் 'கிரெய்ன்' என்ற அளவில்தான் விற்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். நம் அலுமினிய முனை 125 கிரெய்ன். கடையில் விற்கும் பொதுவான எடைகளில் இதுவும் ஒன்று! எஃகு முனையோ 360 கிரெய்னைத் தாண்டுகிறது.

எடை கூடினால் என்ன கெட்டுப்போகும்? அம்பின் சமநிலைப் புள்ளி மாறும். 72 செ.மீ. நீளத் தண்டு 20 கிராம், இறகும் பின்முனையும் சேர்ந்து 3 கிராம் (பின்னாலிருந்து 5 செ.மீ.-ல்) என்று வைத்து, இரண்டாம் செமஸ்டர் மெக்கானிக்ஸில் படித்த திருப்புத்திறன் கணக்கைப் போடுங்கள். சமநிலைப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை நீளத்தின் சதவீதமாகச் சொல்வது வழக்கம்.

ரப்பர் முனை: 1.6 சதவீதம். 
அலுமினிய முனை: 8.9 சதவீதம். 
எஃகு முனை: 22.6 சதவீதம்.

சாதாரணமாக 7 முதல் 15 வரை நல்லது என்பார்கள். ரப்பரில் தலை கனம் போதாது; அம்பு காற்றில் வாலாட்டும். (அதனால்தான் கடை ரப்பர் முனைகள் சிலவற்றுக்கு உள்ளே உலோகம் வைக்கிறார்கள்.) எஃகில் தலை கனம் அதிகம், அம்பு சீக்கிரம் மூக்கைக் கீழே சாய்த்துவிடும். (தலை கனம் அதிகமானால் யாராக இருந்தாலும் சீக்கிரம் கீழே விழுவார்கள் என்பது அம்புக்கு மட்டுமா பொருந்தும்?)

இன்னொன்று. நாண் தள்ளும்போது தண்டு ஒரு நெட்டுத்தூண் போல அழுத்தப்பட்டு வளைகிறது. முன்னால் கனம் கூடக் கூட வளைவும் கூடும். மெல்லிய மூங்கில் தண்டில் கனத்த முனை போட்டால், விடும் நேரத்திலேயே உடைந்து கையில் ஏறும் ஆபத்து உண்டு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பருக்காக மட்டும் படிக்கிற பாடம் இல்லை இது!

ஆக, கணக்கு சொல்லும் விடை: 19 மி.மீ. அலுமினிய மொட்டை முனை, ஓரம் 1 மி.மீ. உருட்டியது, முகத்தில் வழுக்காமல் இருக்க நர்லிங் அல்லது குறுக்குக் கோடுகள். ஃபேசிங், டர்னிங், டிரில்லிங், பார்ட்டிங். முதலாண்டு மாணவனே செய்யக்கூடிய ஜாப்.

5. கணக்கில் வராத இரண்டு விஷயங்கள்

இதுவரை படித்துவிட்டு, "அப்போ வேலை முடிஞ்சுது" என்று நினைக்கிறீர்களா? இல்லை. இனிமேல்தான் தம்பிகளுக்கு நான் சொன்ன பதில்.

முதலாவது, குறி. 20 மீட்டர் தூரத்தில் கவுதாரியின் தலையும் நெஞ்சும் சேர்ந்து 7 செ.மீ. அகலம் என்று வையுங்கள். கோணத்தில் பார்த்தால் அது 0.2 டிகிரி. அதாவது நம் கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடக்கூடாது. அந்தத் தூரத்தைக் கடக்க அம்புக்கு அரை விநாடி ஆகும். நாண் சத்தமோ 0.06 விநாடியில் பறவையின் காதுக்குப் போய்விடும். மீதி 0.44 விநாடி பறவைக்குச் சொந்தம். அது துள்ளும், திரும்பும், எழும்பும். நெஞ்சுக்கு வைத்த அடி இறக்கையில் படும். இறக்கை எலும்பு முறிந்த கவுதாரி புதருக்குள் ஓடி ஒளியும். எறும்பும் நாயும் வரும் வரை உயிரோடு கிடக்கும். எவ்வளவு நல்ல முனையும் தவறான அடியைத் திருத்தாது. லேத்தில் 0.1 மி.மீ. துல்லியம் கொண்டுவர நமக்கு எத்தனை மாதம் ஆனது? கைக்கு அந்தத் துல்லியம் வர எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் பழகுவது உயிருள்ளதன் மேலா?

இரண்டாவது, இடம். தவறிய அம்பு எங்கே போகும்? 45 டிகிரியில் கிளம்பினால், காற்றுத் தடை இல்லையென்று வைத்துக் கணக்கிட்டால், 40 × 40 ÷ 9.81 = 163 மீட்டர். காற்றில் இது குறையும். ஆனாலும் நூறு மீட்டருக்கு மேல் போகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், இங்கெல்லாம் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் நூறு மீட்டருக்குள் ஒரு மொட்டை மாடி இருக்கிறது. அங்கே வத்தல் காயப்போடும் ஒரு அம்மா இருக்கிறார், பட்டம் விடும் ஒரு பையன் இருக்கிறான். வெளிநாட்டில் பறவை அம்புக்குப் பெரிய பெரிய முழு இறகுகளை வைத்து ஒட்டுவார்கள். கொஞ்ச தூரத்திலேயே காற்று பிடித்து நிறுத்திவிடும். 'ஃப்ளூ-ஃப்ளூ' என்று அதற்குப் பெயர். ஆனால் அதுவும் முதல் முப்பது நாற்பது மீட்டருக்குள் நிற்கிறவனைக் காப்பாற்றாது.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கும் வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்று சட்டத்தின் பட்டியல்களில் உள்ள எந்தப் பறவையையும் பொழுதுபோக்காகவோ சாப்பாட்டுக்காகவோ வேட்டையாட முடியாது. சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. 'வேட்டை' என்பதில் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், முட்டையை எடுப்பதும், முயற்சி செய்வதும்கூட அடங்கும். "அடிபடலையே சார்!" என்று சொல்லித் தப்ப முடியாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனையே மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில இனங்களுக்கு இன்னும் கடுமை. ஒரு கவுதாரிக்காக டிப்ளமோவையும் வேலையையும் பணயம் வைப்பதா?

தாம்பரம் ஸ்டேஷன் வெளியே ஊசிமணி, பாசிமணி விற்கிறவர்களை நாம் தினமும் கடந்து போகிறோம். நரிக்குறவர், குருவிக்காரர் என்று பெயரிலேயே வேட்டையைச் சுமப்பவர்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பரம்பரைத் தொழிலாகப் பறவை பிடித்தவர்களே சட்டத்துக்காக அதை விட்டுவிட்டு மணி கோர்க்கும்போது, மெஸ்ஸில் மூன்று வேளை சாப்பிடுகிற நமக்கு என்ன அவசியம்? காடைதான் வேண்டுமென்றால் ஹோட்டலில் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை கிடைக்கிறது!

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கக் கோரி அந்த ஊர் மக்கள் போராடி, 1798-லேயே கலெக்டரிடம் எழுத்து மூலமாகப் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. நன்மங்கலம் காட்டில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. நம் ஏரிக்கரைக் கவுதாரி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

7. அப்படியென்றால் வில்லை என்ன செய்வது?

உடைத்துப் போடச் சொல்லவில்லை! இராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்துப் பழங்குடிச் சிறுவன் ஒருவன் மூங்கில் வில்லால் சிட்டும் கவுதாரியும் அடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் சரியான வில்லையும் எதிரில் ஒரு இலக்குப் பலகையையும் வைத்தார்கள். அவர்தான் லிம்பா ராம். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில் பிடித்தார். 1992-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் பிரிவில் 360-க்கு 358 புள்ளி எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே கை, அதே கண்; இலக்குதான் மாறியது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டவர்தான். விழுந்த பறவையின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, "இது என்ன பறவை?" என்று கேட்கக் கிளம்பியவர், வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இன்று துப்பாக்கி வேண்டாம். ஒரு பைனாகுலர் போதும்.

தம்பிகளுக்கு நான் அலுமினிய மொட்டை முனை ஆறு கடைந்து கொடுத்தேன். நிபந்தனை மூன்று: இலக்கு வைக்கோல் கட்டும் மண் உருண்டையும் மட்டுமே, பின்னால் கண்டிப்பாக மண்மேடு அல்லது சுவர், வில்லும் அம்பும் வொர்க்‌ஷாப் அலமாரியில் பூட்டில் இருக்கும், சார் சாவி கொடுத்தால்தான் வெளியே வரும். மொட்டை என்றாலும் 25 ஜூல் என்பதை மறக்கக்கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இப்போது மண் உருண்டை அடிக்க மாலையில் ஏழெட்டுப் பேர் சேருகிறார்கள். இருபது மீட்டரில் பத்துக்கு மூன்று அடிக்கிறவன்தான் இன்றைக்கு எங்கள் சாம்பியன். அந்த ஏழு தவறுகளும் பறவையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விருப்பமுள்ள தோழர்கள் எந்தத் துறையாக இருந்தாலும் வரலாம். வரும்போது ஒரு அம்புத் தண்டும், சமநிலைப் புள்ளியைக் கணக்குப் போட்ட ஒரு தாளும் கொண்டு வாருங்கள். முனை நாங்கள் தருகிறோம்!



– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை